ஃபிசிக்ஸ் வேண்டாம் என்று யாருமே சொல்லவில்லை

போன இடத்தில் கதவைச் சாத்திவிடுகிற வேலைகள் எத்தனையோ உண்டு. என்னுடையது, தட்டிய கதவெல்லாம் திறந்து, உட்காரவைத்து, தேத்தண்ணி கலக்கிக் கொடுத்து, வெறுங்கையோடு அனுப்பிவைக்கிற வேலை.

பெண் பிள்ளைகளை அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் ஆகிய துறைகளில் சேர்ப்பதற்காகச் சம்பந்தப்பட்ட எல்லாரிடமும் பேசிச் சம்மதிக்கவைப்பது, அலுவலக பாஷையில் எங்கேஜ்மென்ட், என் உத்தியோகம். இந்த நான்குக்கும் சேர்த்து ஸ்டெம் என்று ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். பெட்டாலிங் ஜெயாவில் இருக்கும் ஒரு தொண்டு அமைப்பு சம்பளம் கொடுக்கிறது. கோல சிலாங்கூரும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களும் என் தலையில் விழுந்தவை. காப்புறுதி விற்பவர்கள், தமிழ்ப்பள்ளிக்குப் பிள்ளை பிடிக்க வீடு வீடாக ஏறி இறங்குகிறவர்கள், தேர்தலில் நின்று வைப்புத்தொகை இழந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் என் நிலைமை சொல்லாமலே புரியும். மற்றவர்களுக்கு ஜெசிந்தாவின் கதை ஒன்று போதும்.

ஜெசிந்தாவுக்கு வயது பதினைந்து, மூன்றாம் படிவம். ஏழாங்கட்டைத் தோட்டத்தில் எண்ணெய் எடுக்கிற செம்பனைப் பழ லோரி ஓட்டும் சவரிமுத்துவின் மூத்த மகள். அம்மா கையுறைத் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை. நான்காம் படிவத்தில் ஃபிசிக்ஸ் எடுத்து, பின்னால் எஞ்சினியர் ஆகவேண்டும் என்பது பிள்ளையின் ஆசை. பாடத்தைத் தேர்ந்தெடுக்கும் பாரத்தில் அப்பாவின் கையெழுத்தை வாங்கி, தவணை முடிவதற்குள் பள்ளியில் கொடுக்கவேண்டும். அவ்வளவுதான் விஷயம். அதற்குத்தான் இத்தனை பாடு.

பங்குப் புத்தகம்

முதல் கூட்டத்துக்கான நோட்டீஸை எங்கள் அலுவலகத்தில் ஆங்கிலத்தில் எழுதி, கணினியிடம் கொடுத்துத் தமிழாக்கி, சம்பந்தப்பட்டவர்கள் என்று வரவேண்டிய இடத்தில் ‘ஸ்டெம் பங்குதாரர்கள் சந்திப்பு’ என்று அச்சடித்து அனுப்பிவிட்டார்கள். நான் படித்துப் பார்த்திருக்கவேண்டும். படிக்கவில்லை. பத்திரத்தில் ஒட்டுகிற வரி முத்திரைக்கு மலாயில் செதெம் என்று பெயர்; நம் ஜனங்கள் வாயில் அது ஸ்டெம்தான். பங்குதாரர் என்றால் தோட்டத்தில் ஒரே அர்த்தம். அந்தக் காலத்தில் அப்பாவோ தாத்தாவோ கூட்டுறவில் வாங்கிப்போட்ட பங்கு.

மண்டபம் நிரம்பி வழிந்தது. எனக்கு உச்சி குளிர்ந்துபோனது. பெண் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேச இத்தனை பேர் கூடி நான் பார்த்ததே இல்லை. முன் வரிசையில் ஒவ்வொருவர் மடியிலும் ஒரு பிளாஸ்டிக் உறை, அதற்குள் பழுப்பேறிய பங்குப் புத்தகம். ஒருவர் இறப்புச் சான்றிதழையும் கையோடு கொண்டுவந்திருந்தார். பங்கு காலமான தகப்பனார் பெயரில் இருந்ததாம். பெண்கள், விஞ்ஞானம், எதிர்காலம் என்று நான் பத்து நிமிடம் முழங்கிய பிறகுதான் இரண்டு பக்கத்துக்கும் விஷயம் விளங்கியது. ஒருவரும் கோபித்துக்கொள்ளவில்லை. எழுந்து, ஆளுக்கு இரண்டு வடை எடுத்துக்கொண்டு மரியாதையாகப் போய்விட்டார்கள்.

கடைசி வரிசையில் ஒருவர் மட்டும் உட்கார்ந்திருந்தார். மடியில் பங்குப் புத்தகம் இல்லை. நான்காய் மடித்த பள்ளிக்கூடப் பாரம் ஒன்று இருந்தது. அவர்தான் சவரிமுத்து. நான் பக்கத்தில் போனதும் எழுந்து நின்றார். “எனக்குப் பங்கெல்லாம் இல்ல மிஸ். எம்மவ ஃபிசிக்ஸு படிக்கணுங்கிறா. இந்தப் பாரத்துக்கு ஸ்டெம் வேணுமாம், நீங்கதான் குடுக்கிறீங்கன்னு சொன்னாங்க.”

பேனர்

அடுத்த வாரமே பள்ளிக்குப் போனேன். மாணவர் ஆலோசகர் நம்மவர்தான், நல்ல மனிதர். ஜெசிந்தாவின் பெயரைச் சொன்னதும் முகம் மலர்ந்தது. கணக்கில் வகுப்பிலேயே முதல் பிள்ளை என்றார். பிறகு, தூய அறிவியல் வகுப்பு அடுத்த ஆண்டு அந்தப் பள்ளியில் திறக்கப்போவதில்லை என்பதையும் அதே மலர்ந்த முகத்தோடு சொன்னார். எடுப்பதற்குப் பிள்ளைகள் இல்லை. ஃபிசிக்ஸ் ஆசிரியரும் மாற்றலாகிப் போய்விட்டார். பிள்ளைகள் இல்லாததால் ஆசிரியர் வரமாட்டார், ஆசிரியர் இல்லாததால் பிள்ளைகள் எடுக்கமாட்டார்கள். இதில் எந்தப் பக்கம் நுழைவது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஒரே வழி, பட்டணத்துப் பள்ளிக்கு மாறுவது. அங்கே வகுப்பு இருக்கிறது, இடமும் இருக்கிறது, மாற்றலுக்கு அவரே கடிதம் எழுதித் தருகிறார். ஆனால் அது ஜெசிந்தாவின் வீட்டிலிருந்து இருபது கிலோமீட்டருக்கு மேல். எப்படிப் போய்வருவாள் என்று கேட்டேன். அது பள்ளியின் அதிகாரத்தில் இல்லை என்றார். அதுவும் நியாயம்தான். வாசல் வரை வந்து வழியனுப்பினார். “உங்க திட்டத்துக்கு ஸ்கூல் முழு சப்போர்ட் மிஸ். பேனர் எங்க மாட்டணும்னு மட்டும் சொல்லுங்க.”

நாலு பேர்

ஏழாங்கட்டையில் இப்போது மிஞ்சியிருப்பது வரிசை வீடுகளாக ஒரு லயமும் பதினைந்து தமிழ்க் குடும்பமும். மற்ற வீடுகளில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். லயத்திலிருந்து மெயின் ரோட்டுக்கு மூன்று கிலோமீட்டர் மண் ரோடு. இரண்டு பக்கமும் செம்பனை, நடுவில் ஒரு விளக்கு கிடையாது. பட்டணத்துப் பள்ளிக்கு வேன் பிடிக்கவேண்டும் என்றால் விடிவதற்கு முன்னால் அந்த ரோட்டைக் கடக்கவேண்டும். சவரிமுத்து கொண்டுபோய் விடமுடியாது. அந்த நேரத்தில்தான் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் நின்று பேர் கொடுக்கவேண்டும், தவறினால் அன்றைக்கு வேலை இல்லை. இதுவே பையன்கள் என்றால் பேச்சே இல்லை. லைசென்ஸ் எடுக்காமலே ஒரு மோட்டார் சைக்கிளில் மூன்று பேர் தொற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள், யாரும் தடுப்பதில்லை.

பள்ளி வேன் ஓட்டுகிற அங்கிளைத் தேடிப் போனேன். அஸ்ஸாம் ஜாவாவில் ஒரு கடையில் ரொட்டி சாணாய் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பொறுமையாகக் கேட்டார். பெண் பிள்ளைகள் படிக்கவேண்டும் என்று என்னைவிட உருக்கமாகப் பேசினார். தன் மகள் நர்ஸ் என்று போனில் படம் காட்டினார். கடைசியில் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார். “ரோட்டுக்கு வந்தா ஒரு புள்ளயா இருந்தாலும் ஏத்திக்கிறேன். தோட்டத்துக்குள்ள வரணும்னா நாலு புள்ள வேணும்லா, அதுக்குக் கீழ எனக்குக் கட்டாது.”

சந்தனத் தட்டு

நாலு பேர். இதென்ன பெரிய காரியம் என்று கிளம்பினேன். அதே லயத்தில் ஜெசிந்தாவோடு படிக்கிற மூன்று பெண் பிள்ளைகளைப் பிடித்து, ஒரு மாதம் அவர்கள் வீட்டு வாசலிலேயே கிடந்தேன். தோட்ட நிர்வாகத்திடமும் பேசினேன். அங்கே மருந்தடிக்க ஒரு ட்ரோன் புதிதாக வந்திருந்தது. அதைப் பிள்ளைகளுக்குக் காட்டினால் ஆசை பிறக்கும் என்று கேட்டதும், ஆபீஸில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி உடனே ஒத்துக்கொண்டார். ஒரு சனிக்கிழமை காலையில் விழா. போய்ப் பார்த்தால் நான்கு பிள்ளைகளும் பாவாடை தாவணியில், தலை நிறையப் பூவோடு, கையில் சந்தனம், பன்னீர், கற்கண்டுத் தட்டுகளோடு வரிசையாக நிற்கிறார்கள். மேனேஜர் தொரையை வரவேற்கவாம். ட்ரோனைச் சுற்றி நின்றது பையன்கள்.

ட்ரோன் கிளம்ப மறுத்தது. பழம் நிறுக்கிற லோரித் தராசின் மேல், அந்தப் பெரிய இரும்புத் தகட்டில் அதை வைத்திருந்தார்கள். படம் எடுக்க அந்த இடம்தான் எடுப்பாக இருந்ததாம். ஓட்ட வந்தவர் பேட்டரியைக் கழற்றி மாட்டினார். பையன்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஜெசிந்தா தட்டைத் தரையில் வைத்துவிட்டு, கையில் சந்தனம் வழிய, ரிமோட் திரையில் ஆங்கிலத்தில் வந்திருந்த எச்சரிக்கையைப் படித்தாள். “அங்கிள், கீழ இரும்பு இருக்கு. திசை காட்டுறது கொளம்பும். மண்ணுல வெச்சுப் பாருங்க” என்றாள். மண்ணில் வைத்தார்கள். ஜிவ்வென்று எழும்பிப் போய்விட்டது.

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மேனேஜர் ஓட்ட வந்தவரின் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தார். அன்று மாலை அந்த மூன்று பிள்ளைகளும் தாங்களும் ஃபிசிக்ஸ் எடுப்பதாக என்னிடம் வந்து சொன்னார்கள். நாலு பேர் சேர்ந்துவிட்டார்கள். அதனால், கிராணி அன்றைக்குச் சொன்னதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. ட்ரோன் மேலே போனதும் அவர் ஜெசிந்தா பக்கம் திரும்பி இப்படித்தான் சொன்னார். “பாப்பா, சந்தனம் காஞ்சிறப் போவுது, தட்டத் தூக்கு.”

பத்தாங் காலி எஞ்சினியர்

பிள்ளைகள் சம்மதித்தாயிற்று, இனி அம்மாக்கள். இந்த இடத்தில்தான் நான் பெரிய புத்திசாலி என்று நினைத்து ஒரு காரியம் செய்தேன். பத்தாங் காலியில் மாலதி என்று ஒரு மெக்கானிக்கல் எஞ்சினியர் இருக்கிறார். அப்பா, அம்மா இருவரும் தோட்டத்தில் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தவர்கள். இப்போது அவருக்குக் கீழே முப்பது ஆண்கள் வேலை செய்கிறார்கள். விடுப்பு எடுத்து, தன் செலவில் கார் ஓட்டிக்கொண்டு வந்தார். மாதா கோயில் ஹாலில் அம்மாக்களைக் கூட்டி உட்காரவைத்தேன்.

அருமையாகப் பேசினார். அம்மாக்கள் வாய் பிளந்து கேட்டார்கள். கேள்வி நேரம் வந்தது. முதல் கேள்வி, கல்யாணம் ஆச்சா. இல்லை என்றார். வயசு? முப்பத்தேழு. ஏன் ஆகவில்லை? மாலதி பொய் சொல்லத் தெரியாதவர். பார்க்க வந்தவர்கள் தன் சம்பளத்தையும் ஷிப்டையும் கேட்டுவிட்டுத் திரும்பி வரவில்லை என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அதோடு தனக்கு அது ஒரு குறையாகத் தெரியவில்லை என்றும் சொன்னார். ஒரு அம்மா எழுந்துவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு, மாதாவிடம் வேண்டிக்கொள்வதாகச் சொன்னார். அவ்வளவு அன்பாகச் சொன்னார், மாலதிக்கு முகம் செத்துப்போனது.

மறுநாளே மூன்று வீட்டிலிருந்தும் போன் வந்தது. ஒரே மாதிரியான மன்னிப்பு, ஒரே மாதிரியான மரியாதை. ஃபிசிக்ஸ் நல்ல படிப்புதான் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அதில் ஓர் அம்மா சொன்னதை நான் இன்னும் மறக்கவில்லை. “அந்த மிஸ்ஸு ரொம்ப நல்லா இருக்காங்க மிஸ். எம்பொண்ணுக்கு அவ்ளோ நல்லா வேணாம்.”

அம்மன் வேன்

ஜெசிந்தா மட்டும் நின்றாள். ஒரு பிள்ளைக்கு வேன் அங்கிள் உள்ளே வரமாட்டார். அப்போதுதான் தோட்டத்து மாரியம்மன் கோயில் வேன் நினைவுக்கு வந்தது. யாரோ ஒரு புண்ணியவான் வாங்கிக் கொடுத்தது. திருவிழாவில் உற்சவரையும், வெள்ளிக்கிழமைகளில் பொங்கல் பானைகளையும் ஏற்றிவரும். மற்ற நாள்களில் அரசமரத்தடியில் இலை மூடிக் கிடக்கும். காலையில் மூன்று கிலோமீட்டர், சாயங்காலம் மூன்று கிலோமீட்டர் கொண்டுவிட்டால் போதும் என்று கோயில் தலைவர் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். அந்தப் பிள்ளை மாதா கோயிலுக்குப் போகிறவள் என்பதுகூட அவருக்குப் பெரிதாகப் படவில்லை. நம்ம தோட்டத்துப் பிள்ளைதானே என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அவர் காலில் விழுந்திருப்பேன்.

பிறகு மனைவியை உள்ளே போகச் சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். சொல்லக் கூச்சப்பட்டார், பாவம். அம்மனும் பெண்தானே ஐயா என்பது என் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டேன். இவரைப் பகைத்துக்கொண்டால் அடுத்த தோட்டத்திலும் கதவு சாத்திவிடும் என்ற பயம். அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு எழுந்து வந்ததற்கு இன்றுவரை எனக்கே என்மேல் ஆத்திரம். அவர் சொன்னது இது. “படிக்கட்டும் மிஸ், முழு ஆதரவு. ஆனா அது அம்மன் ஒக்கார்ற வேனு. வயசுக்கு வந்த புள்ள, மாசத்துல மூணு நாளுக்கு நீங்க பொறுப்பு ஏத்துக்குவீங்களா?”

கையெழுத்து

பாரம் கொடுக்கவேண்டிய கடைசி நாளுக்கு முதல் நாள் சவரிமுத்துவின் வீட்டுக்குப் போனேன். மூன்று கிலோமீட்டர் மண் ரோட்டைப் பற்றி ஜெசிந்தா ஏற்கெனவே அப்பாவிடம் வாதாடி முடித்திருந்தாள். சைக்கிளில் போகிறேன் என்றிருக்கிறாள். தலையில் விளக்கு கட்டிக்கொள்கிறேன் என்றிருக்கிறாள். அவர் ஒன்றுக்கும் முடியாது என்று சொல்லவில்லை. ராத்திரி முழுக்கத் தூங்காமல் உட்கார்ந்திருந்தாராம், அவள்தான் சொன்னாள்.

நீங்களே கொண்டுபோய் விட்டிருக்கலாமே என்று உங்களில் யாராவது கேட்பீர்கள். நானும் கேட்டுக்கொண்டேன். நான் இருப்பது தூரத்துக் காப்பார் ஊரில். எனக்கு இன்னும் பதினோரு தோட்டம் இருக்கிறது. ஒரு பிள்ளைக்காகத் தினமும் வருவது நடக்கிற காரியம் இல்லை. எல்லாம் உண்மை. வேன் அங்கிள் சொன்னதும் உண்மைதான். மேசையின் இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த எனக்கும் அவர்களுக்கும் என்ன வித்தியாசம் என்று தெரியவில்லை. வெட்கமாக இருந்தது.

பாரத்தில் ஸ்டெம் என்ற தலைப்புக்குக் கீழே மூன்று பிரிவுகள். முதல் பிரிவில் ஃபிசிக்ஸ், கெமிஸ்ட்ரி. கடைசிப் பிரிவில் கேட்டரிங், அதாவது சமையலும் பரிமாறலும். அது அவள் இப்போது படிக்கும் பள்ளியிலேயே உண்டு, விடிந்த பிறகு பஸ் லயத்து வாசலுக்கே வரும். சவரிமுத்து பேனாவை வாங்கி, ஜெசிந்தாவின் முகத்தைப் பார்க்காமல், கடைசிப் பிரிவுக்கு எதிரே ஒவ்வோர் எழுத்தாகக் கையெழுத்துப் போட்டார். ஜெசிந்தா எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டாள். அவர் பேனாவை என்னிடம் நீட்டினார். “எனக்குப் பயமா இருக்கு மிஸ், வேற ஒண்ணுமில்ல. பயம் போறதுக்கு ஏதாச்சும் பாரம் இருந்தா குடுங்க, அதுலயும் சைன் பண்றேன்.”

அறிக்கை

என் மேலாளர் தங்கமான பெண்மணி. ஆனால் ஏழாங்கட்டையை வரைபடத்தில்தான் பார்த்திருக்கிறார். நான் ஆறு பக்கத்துக்கு அறிக்கை எழுதினேன். வேன், மண் ரோடு, பெரட்டு, அம்மன், மாலதி, ஒன்றையும் விடவில்லை. அவர் கடைசிப் பக்கத்து அட்டவணையை மட்டும் பார்த்தார். நான்கு பிள்ளைகளும் அதே கடைசிப் பிரிவில்தான் சேர்ந்திருந்தார்கள். அட்டவணையில் ஒரே ஒரு கட்டம்தான் இருந்தது: பிள்ளை ஸ்டெம் எடுத்தாளா, ஆம் அல்லது இல்லை. நான்கு ஆம்.

அது சமையல் வகுப்பு என்றேன். பள்ளியின் பாரமே அதை ஸ்டெம் என்றுதானே சொல்கிறது என்றார். நான் அழுதுவிடுவேன் போலிருந்தது. அவர் அதைச் சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டு, எழுந்து வந்து முதுகில் தட்டினார். “நாலுக்கு நாலு. யூ ஸீ? எங்கேஜ்மென்ட் ஒர்க்ஸ்லா.”

விசில்

புதிய ஆண்டில் வேறொரு வேலையாக ஜெசிந்தாவின் பள்ளிக்குப் போயிருந்தேன். போகக்கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் சமையல் கூடத்துப் பக்கம் போனேன். ஜெசிந்தா வெள்ளை ஏப்ரன் கட்டி, தலையில் வலைத்தொப்பி போட்டு, பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் ஓடி வந்தாள். இளைத்திருந்தாள். அப்பா சௌக்கியமா என்றேன். சௌக்கியம், இப்போதெல்லாம் அவளிடம் அதிகம் பேசுவதில்லை என்றாள். கோபமா என்றேன். இல்லை மிஸ், அவருக்குத்தான் என்னைப் பார்க்கக் கஷ்டமாக இருக்கிறது என்றாள். பதினாறு வயதுப் பிள்ளை.

வகுப்பு எப்படிப் போகிறது என்று கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம். அவள் கையிலிருந்த குக்கர் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு, யார்மேலும் குறை சொல்கிற தொனி இல்லாமல் சொன்னாள். “கொண்டக்கடல வேகவெச்சோம் மிஸ். மூடுன குக்கருக்குள்ள தண்ணி ஏன் இன்னும் அதிகமா சூடாவுதுன்னு கேட்டேன். விசில் வந்தா அடுப்ப அணைக்கணும், அது தெரிஞ்சாப் போதும்னு சொல்லிட்டாங்க.”

எங்கள் வட்டாரத்தில் ஒரு பெண் பிள்ளை ஃபிசிக்ஸ் படிப்பதற்கு எல்லாருடைய முழு ஆதரவும் உண்டு, என்னுடையதையும் சேர்த்து. இல்லாதது மூன்று கிலோமீட்டருக்கு ஒரு வேன்தான்.